பன்னிரண்டாம் எண்

கையெழுத்துக் கேட்ட பதினான்கு தாளில்
பதினொன்றைத்தான் படித்தேன்.
மிச்சத்தை நொம்வூலா சிஸ்டர் வாயால் சொன்னாள்:
"மாத்திரையில் மருந்தும் இருக்கலாம், வெறும் மாவும் இருக்கலாம்.
எனக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது."
"கோதுமை மாவா?" என்றேன்.
அவள் சிரித்து முடிக்க நேரமானது.
"சோளமாவு, அம்மா."

ஒன்பது வருஷம் ரொட்டி தொடாத கை இது.
சாட்ஸ்வொர்த் மார்க்கெட்டுக்கு எதிரே
கால் ரொட்டியைக் குடைந்து, சூடாகப் பீன்ஸ் கறி ஊற்றித் தரும் கடையை
மூச்சைப் பிடித்துக்கொண்டு கடந்த கால் இது.
கோயில் கேசரியைக் கண்ணில் ஒற்றி
பக்கத்தில் நிற்பவர் கையில் வைத்துவிடுவேன்.
பெருங்காய டப்பாவுக்குள்ளும் கோதுமை உண்டென்று
ரசம் என்னைப் புரட்டிப் போட்ட
மூன்றாம் நாள்தான் தெரிந்தது.

கொழுந்தன் லோகநாதன் கேட்டான்:
"வாயைக் கட்டினால் தீருகிற நோய்தானே அண்ணி,
எவனோ கம்பெனிக்காரனுக்கு
நீங்கள் ஏன் வயிற்றைக் கொடுக்கவேண்டும்?"
வாயைக் கட்டலாம் தம்பி.
அடுத்த வீட்டுக் கரண்டியை எதைக்கொண்டு கட்டுவது?

டாக்டர் இரண்டு படம் காட்டினார்.
ஒன்பது வருஷத்துக்கு முன் என் குடல்:
டொங்காட்டில் வெட்டு முடிந்த கரும்புக்காடு,
மொட்டைத் தரை.
இப்போது:
மறுதாம்பு விட்டு, இடுப்பளவு எழும்பி நிற்கிறது.
"இதைத்தான் பணயம் வைக்கிறீர்கள்" என்றார்,
பேனாவை என் பக்கம் நகர்த்திக்கொண்டே.

ஆறு வாரம்.
தினம் ஒரு பிஸ்கட், எடைபோட்ட நஞ்சு.
கூடவே ஒரு வெள்ளை மாத்திரை.
ஒன்பது வருஷம் கனவில் வந்த கோதுமை
நேரில் மரத்தூள் மாதிரி இருந்தது.

பக்கத்து நாற்காலி பதினோராம் எண்.
ரினெட். ஃப்ரீ ஸ்டேட்டில் கோதுமை விதைக்கிற வீட்டுப் பெண்.
"அப்பா விளைத்ததெல்லாம் எனக்கு ஆகாதது.
போனை எடுத்தால் இன்னும் மன்னிப்புக் கேட்கிறார்" என்றாள்.
இரண்டு பேரும் பிஸ்கட்டைச் சேர்ந்தே கடித்தோம்,
கள்ளுக்கடையில் கிண்ணம் இடிப்பவர்கள் போல.

முதல் வாரம் ஒன்றுமில்லை.
எனக்கு மருந்துதான் என்று முடிவுகட்டி
தெருவெல்லாம் சொல்லிவிட்டேன்.
மூன்றாம் வாரம் உம்பிலோ ரோட்டில்
பஸ்ஸை நிறுத்தச் சொல்லி
பெட்ரோல் பங்குக்கு ஓடினேன்.
நாட்குறிப்பில் ஒரு கட்டம்: வலி, பத்துக்கு எத்தனை?
கரண்ட் போன இரவுகளில்
மெழுகுவத்தி வைத்து எழுதினேன்: ஆறு. ஏழு. ஏழு.
பிள்ளைப் பேற்றுக்குப் பத்தை ஒதுக்கிவைத்திருந்தேன்.

ஏழு மாதம் கழித்துக் கடிதம் வந்தது.
பன்னிரண்டாம் எண்: சோளமாவு.
அந்த ஆறு வாரமும்
காவலில்லாத காட்டில்தான் கத்தி இறங்கியிருக்கிறது.

அன்று மாலையே ரினெட் கூப்பிட்டாள்.
"என்னுடையது மருந்தாம்.
முழுக்க இல்லை, முக்கால்வாசி நிற்கிறதாம்."
பிறகு ரொம்ப நேரம் பேச்சில்லை.
பிறகு, "மன்னித்துவிடு."
"உன் அப்பா மாதிரிப் பேசாதே" என்றேன்.

உன் காடு நின்றது என்று யாரும் நம்ப
விழுந்த காடு ஒன்று பக்கத்தில் வேண்டாமா?
இதைச் சொல்ல வாயெடுத்தபோது
விளக்கு அணைந்தது,
கொஞ்சத்தில் போன் கோபுரமும் செத்தது.
கேட்டாளோ இல்லையோ.

கேஸ் அடுப்பில் சோளக்களி கிண்டினேன்.
புளிக்குழம்பு, பெருங்காயம் இல்லாமல்.
ஒரு மாற்றுக் குறைவுதான், பழகிவிட்டது.
மேசைமேல் சிஸ்டர் அனுப்பிய புதுத் தாள்கள்,
வேறு மாத்திரை, வேறு எண்.
இந்த முறை கடைசிவரைக்கும் படிக்கவேண்டும்,
வெளிச்சம் வரட்டும்.